இரண்டு விரல் உயரக் கட்டை

மார்ச் 3

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது.

இங்கே என் உடம்புக்குக் குறைவில்லை. கால் முறுக்குகிறது. அது பத்து வருஷமாக முறுக்குவதுதான். உன் உடம்பு எப்படி? மாப்பிள்ளைக்கு அந்த முதுகுவலி விட்டதா?

நீ ஏற்பாடு செய்த முதியோர் வீட்டுப் பழுது சேவையிலிருந்து நேற்றுக் காலை இரண்டு பேர் வந்தார்கள். ஒரு அம்மா, ஒரு ஆள். அம்மா வந்ததிலிருந்து படிவத்தைப் புரட்டிக்கொண்டே இருந்ததால் அதற்குப் படிவக்கார அம்மா என்று நானே பேர் வைத்துவிட்டேன். அந்த ஆள் கைப்பிடிக் கம்பி பொருத்துகிறவர். அவர் கம்பிக்காரர். அவர் செருப்பில் ஒரு ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது. நடந்தால் டக் டக் என்று கேட்கும். வீடு முழுக்க அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டார்.

"தனியாவா இருக்கீங்க ஐயா?" என்று அந்த அம்மா கேட்டது.

"இப்ப நாம மூணு பேர் இருக்கோமே" என்றேன். சிரிக்கவில்லை. படிவத்தில் அதற்கு இடமில்லை போலிருக்கிறது.

பிறகு ஓர் அட்டையை நீட்டி, "இதுல இருக்கற எழுத்தைப் படிங்க" என்றது.

"எனக்கும் எழுத்துக்கும் சின்ன வயசிலேர்ந்தே பேச்சுவார்த்தை இல்லைம்மா" என்றேன். இப்போதுதான் சிரித்தது. "படிக்கத் தெரியாதா? சரி, இந்தப் பக்கத்தை விட்டுடறேன்" என்று அடுத்த தாளுக்குப் போய்விட்டது.

குளியலறையில் இரண்டு கம்பி, கழிப்பறை இருக்கைக்கு உயரம், தெருவாசல் மூன்று படிக்குப் பதிலாகச் சரிவு, நடையில் புது பல்பு. இவ்வளவும் செய்வார்களாம். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தலாம் என்றார் கம்பிக்காரர். கட்டிலைத் தொட்டால் நான் படுத்துக்கொண்டே இருப்பேன், என்னையும் சேர்த்துத் தூக்கவேண்டி வரும் என்று சொல்லிவிட்டேன்.

நீ மூன்று மாதம் தவணை கொடுத்திருக்கிறாய். ஜூன் பதினைந்தாம் தேதி படிவக்கார அம்மா மறுபடி வரும். "தனியாக இருக்கலாம்" என்று எழுதினால் நான் இங்கே. இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு உன் ஒன்பதாவது மாடிக்கு. மாடிக்கு நான் விரோதி இல்லை. அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதே, அதுதான்.

போனில் கூப்பிடாதே. போனில் நீ பாதி வார்த்தையில் வேலைக்கு ஓடுகிறாய். கடிதமென்றால் தையல்காரம்மா இரண்டு தடவை படித்துக் காட்டும். எனக்கு மனப்பாடமாகிவிடும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உன் பதிலுக்குக் காது வாசலில் இருக்கிறது.

அப்பா


மார்ச் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கால் முறுக்குக்கு அந்த எண்ணெய் தேய்க்கிறீர்களா, அல்லது பாட்டில் அப்படியே இருக்கிறதா? இங்கே எல்லோரும் நலம்.

வந்தவர்களிடம் வாய்ச்சண்டை போடாதீர்கள், அப்பா. அவர்களுக்கு இது தினசரி வேலை. முதியவர்கள் எங்கே விழுவார்கள், எதில் தடுக்குவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கட்டிலை நகர்த்தச் சொன்னால் நகர்த்தட்டும். பல்பு மாற்றுவது எனக்கு நிம்மதி. அந்த நடையில் பகலிலேயே இருட்டு.

எனக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை கூடிவிட்டது. இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒரு நாளைக்கு எழுநூறு படுக்கை விரிப்பு. மடித்து மடித்துக் கனவிலும் மடிக்கிறேன்.

இங்கே உங்களுக்கு அறை தயாராக இருக்கிறது. சும்மாவே கிடக்கிறது. லிஃப்ட் இருக்கிறது, பொத்தானை அமுக்கினால் போதும். நீங்கள் பிடிவாதத்துக்காகத் தனியாக இருக்க வேண்டாம். மூன்று மாதம் என்று சொன்னேன், சொன்ன வார்த்தையில் நிற்கிறேன். ஆனால் நடுவில் ஏதாவது நடந்தால் அன்றைக்கே வண்டி ஏறி வந்துவிடுவேன்.

தையல்காரம்மாவுக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


மார்ச் 30

அன்பு மகளுக்கு, அப்பா.

எண்ணெய் பாட்டில் பாதி காலி. சந்தேகமென்றால் தையல்காரம்மாவைக் கேள். இதோ, "ஆமா" என்று அதுவே எழுதிக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? முதுகுவலியைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

வேலை முடிந்துவிட்டது. மூன்று நாள் ட்ரில் சத்தம். பல்லெல்லாம் ஆடிவிட்டது, ஆடாமலிருந்த ஒன்றையும் சேர்த்து. குளியலறைக் கம்பி நல்ல கம்பி, கைக்கு வழுக்காமல் சொரசொரப்பாக இருக்கிறது. கழிப்பறையில் இப்போது ராஜா மாதிரி உட்கார்ந்து எழுகிறேன். சரிவும் நன்றாக இருக்கிறது, ரப்பர் விரித்திருக்கிறார்கள், கால் பிடித்துக்கொள்கிறது. நடையில் புது பல்பு போட்டார்கள். பட்டப்பகல் மாதிரி இருக்கிறது. தினமும் சாயங்காலம் ஸ்விட்ச்சைத் தட்டிவிடுகிறேன்.

எல்லாம் சரி, ஒரே ஒரு அநியாயம். என் அறை வாசலில் தரையோடு ஒரு மரக்கட்டை கிடந்ததே, இரண்டு விரல் உயரம், நீ சின்ன வயதில் அதன்மேல் நின்று உயரமாகிவிட்டேன் என்பாயே, அதைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். நான் குளியலறையில் கம்பியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வருகிறேன், கட்டை இல்லை. சிமெண்ட் பூசி வழவழ என்று ஆக்கிவிட்டார்.

"என்னய்யா பண்ணிட்டே?"

"தடுக்கி விழுவீங்க பெரியவரே. எல்லா வீட்லயும் முதல்ல அதைத்தான் எடுப்போம்."

"நாப்பது வருஷமா நான் அதுல தடுக்கினதே இல்லை."

"இனிமேலும் தடுக்க மாட்டீங்க" என்கிறார். பதிலைப் பார்.

நீ அந்தச் சேவைக்கு ஒரு கடிதம் போட்டு, கட்டையை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொல். நான் சொன்னால் கிழவன் உளறுகிறான் என்பார்கள். நீ சொன்னால் கேட்பார்கள். நாளை என்று தள்ளாதே. இன்னும் எழுபத்தேழு நாள்தான் இருக்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா


ஏப்ரல் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலத்தை எழுதுங்கள்.

பல்பு நன்றாக எரிவது கேட்டு மனம் லேசானது. ஆனால் கட்டை விஷயம் எனக்குப் புரியவில்லை. ஊரில் எல்லோரும் அதை எடுங்கள் என்று கெஞ்சுகிறார்கள், நீங்கள் திரும்ப வை என்கிறீர்கள். எங்கள் மருத்துவமனையில் எலும்பு முறிந்து வருகிற முதியவர்களில் பாதிப் பேர் வாசற்படியில் தடுக்கினவர்கள். அவர்கள் விரிப்பைத் தினமும் நான்தான் மடிக்கிறேன். அந்தக் கடிதத்தை நான் எழுத மாட்டேன், அப்பா. கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

கட்டையில்லாமல் நடக்க என்ன கஷ்டம்? அதை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் எதையோ விழுங்கிவிட்டுப் பேசுகிற மாதிரி இருக்கிறது.

உங்கள் மகள்


ஏப்ரல் 21

மகளுக்கு, அப்பா.

உடம்பு இருக்கிறது. நீங்கள் இருவரும் எப்படி?

எதையும் விழுங்கவில்லை. கட்டை வேண்டும். அவ்வளவுதான் விஷயம். என் கால் அதைத் தேடுகிறது. கட்டிலிலிருந்து ஒன்பது எட்டு நடந்தால் பத்தாவதில் கட்டை, கட்டையைத் தாண்டி இடது பக்கம் திரும்பிப் பதினான்கு எட்டு, குளியலறை. இப்போது ஒன்பதும் பத்தும் பதினொன்றும் ஒரே மாதிரி இருக்கின்றன. இரண்டு தடவை தோளைச் சுவரில் இடித்துக்கொண்டேன். கீறல்கூட இல்லை.

நான் உதிரிபாகக் கிடங்கில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். ஆறாயிரம் சாமான், ஒவ்வொன்றுக்கும் சீட்டு. சீட்டைப் படிக்கத் தெரியாத ஒரே ஆள் நான். ஆனால் எதைக் கேட்டாலும் முதலில் எடுத்து வருகிறவனும் நான்தான். வலது பக்கம் நாலாவது தட்டு, மேலிருந்து மூன்றாவது அறை, உள்ளே கை விட்டால் மூலையில் என்று கால் தானே போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை புது மேலாளர் தட்டுகளையெல்லாம் அழகாக இருக்கட்டும் என்று இடம் மாற்றிவிட்டார். திங்கட்கிழமை காலையில் ஒரு வால்வு கேட்டார்கள். நான் போய் நடுவில் நின்றேன். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என்னாச்சு, மயக்கமா?" என்று தண்ணீர் தெளித்தார்கள். மறுபடி ஆறாயிரத்தையும் மனசில் ஏற்ற ஏழு மாதம் ஆனது. அப்போது எனக்கு வயது நாற்பது. இப்போது ஏழு மாதம் இல்லை. ஐம்பத்தைந்து நாள்தான் இருக்கிறது.

சேவைக்கு எழுது.

மாப்பிள்ளைக்கு என்ன என்று நான் கேட்பது இது மூன்றாவது கடிதம்.

அப்பா


மே 4

தங்கச்சிக்கு,

நான்தான் தையல்காரி எழுதுகிறேன். இங்கே நான் சுகம், உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் எழுதுவது பெரியவருக்குத் தெரியாது. இதுவரை அவர் சொன்னதுக்குக் கூடவோ குறையவோ ஓர் எழுத்து நான் எழுதினதில்லை. இன்றைக்கு முதல் தடவையாக அவர் சொல்லாததை எழுதுகிறேன்.

போன வாரம், இருபத்தேழாம் தேதி காலை, சுவரில் முட்டி நெற்றி கிழிந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடினேன். நடையின் எதிர்ச்சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, "கதவு எங்க போச்சு?" என்று சுவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். தெருமுனை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மூன்று தையல். "என்னைவிடக் கேவலமா போட்டிருக்கான்" என்று அவருக்குச் சிரிப்புக் காட்டினேன். "அவளுக்கு எழுதாதே" என்றார். அதற்குப் பிறகு கடிதம் எழுதவே கூப்பிடவில்லை.

அவருக்குக் கண் தெரியவில்லை, தங்கச்சி. கொஞ்சம் மங்கல் என்றில்லை. தெரியவே இல்லை.

எனக்கே எப்போது புரிந்தது தெரியுமா? துணி மாட்டி அளவு பார்க்கிற பொம்மையை வெயில் காய வாசலில் வைத்திருந்தேன். பெரியவர் சரிவில் இறங்கி வந்தவர், அதன்மேல் தோள் உரசியதும் நின்று, "மன்னிச்சுக்கம்மா, வேலையா நிக்கறியா?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். வேறு பக்கத்திலிருந்து என் குரல் வந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அப்புறம்தான் நடையில் நிமிர்ந்து பார்த்தேன். பல்பே இல்லை. வெறும் ஹோல்டர் தொங்குகிறது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட மறந்துவிட்டு அந்த ஆள் போய்விட்டார். "பட்டப்பகல் மாதிரி இருக்கிறது" என்று அவர் சொல்ல, அதையும் நான்தான் என் கையால் உனக்கு எழுதினேன். தினமும் அந்த ஸ்விட்ச்சைத் தட்டும் சத்தம் என் வீட்டுக்குக் கேட்கும். நடையில் அவர் எழுப்புகிற ஒரே வெளிச்சம் அந்தச் சத்தம்தான்.

படிவக்கார அம்மா கண்ணைச் சோதிக்கிற பக்கத்தை, படிக்கத் தெரியாதவர் என்று தாண்டிப் போய்விட்டது. கடிதம் நான் படிக்கிறேன், மருந்துச் சீட்டு நான் படிக்கிறேன், பேருந்தில் போனாலும் எப்போதும் யாரையாவது கேட்டுத்தான் ஏறுவார். எழுத்துத் தெரியாத மனிதருக்குக் கண் போனதை யார் கண்டுபிடிப்பது?

அதற்காக அவரை அள்ளிக்கொண்டு போய்விடு என்று நான் சொல்லவில்லை. அந்தக் கட்டை இருந்தவரை ஒரு கீறல் பட்டதில்லை. தெரியாத வீட்டில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆவார் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. சொல்லாமல் இருக்கவும் பயம். துணியில் தப்பாக வெட்டினால் ஒட்டுப் போடலாம். இதில் எனக்குத் தெரியவில்லை. நீ படித்தவள், யோசி.

அக்கா


மே 12

அன்புள்ள அப்பாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? மூன்று வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. வேலைக்கு நடுவில் தபால் பெட்டியை ஒரு நாளைக்கு இரண்டு தடவை திறந்து பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

நெற்றியில் தையல் பிரித்தாகிவிட்டதா? மூன்று தையல் என்றால் சும்மா இடித்ததில்லை.

இதோடு ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். போன மாதம் எடுத்தது. நான் எப்படி இருக்கிறேன், பார்த்துவிட்டு எழுதுங்கள். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படியே எழுதுங்கள்.

ஜூன் பதினைந்துக்கு நானும் வருகிறேன். துணிமணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்குமேல் இழுக்க முடியாது, அப்பா.

உங்கள் மகள்


மே 24

அன்பு மகளுக்கு, அப்பா சொல்ல, தையல்காரம்மா எழுதுவது. ஒன்றும் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

தையல் பிரித்தாகிவிட்டது. உடம்பு நன்றாக இருக்கிறது. உன் உடம்பை நீ எழுதவில்லை, நானே சொல்கிறேன், பொறு.

கடிதத்தைப் படிக்கும்போது "மூன்று தையல்" என்ற இடத்தில் தையல்காரம்மாவின் குரல் நொண்டியது. அடிபட்டது ஏப்ரல் இருபத்தேழு. நான் கடைசியாக உனக்குச் சொல்லி எழுதியது ஏப்ரல் இருபத்தொன்று. அப்படியானால் தையல் உன் காதுக்கு எப்படி வந்தது? கேட்டேன்.

"ஆமா பெரியவரே, நான்தான் எழுதினேன். திட்டணும்னா திட்டுங்க. அதையும் எழுதறேன்."

"வேற என்ன எழுதினே?"

"எல்லாத்தையும்."

திட்டவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் எனக்கே போரடித்துவிட்டது.

உன் போட்டோவைக் கையில் வைத்துப் பார்த்தேன். வழவழ என்றிருக்கிறது. ஒரு மூலை தபாலில் மடங்கிவிட்டது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதில் என்ன இருக்கிறது என்று தையல்காரம்மாவை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கும், நானும் "கொஞ்சம் இளைத்துவிட்டாய்" என்று எழுதியிருப்பேன். நீயும் நம்பாமல் சிரித்திருப்பாய். வேண்டாம்.

எனக்குக் கண் இல்லை, மகளே. இடது கண் இரண்டு வருஷத்துக்கு முன்னாடியே போய்விட்டது. வலது கண் குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி ஆரம்பித்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். போன வருஷக் கடைசியில் துடைப்பதை விட்டுவிட்டேன். இப்போது வெயில் முகத்தில் பட்டால்தான் ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும். வைத்தியரிடம் போகவில்லை. போனால் அவர் உனக்குச் சொல்வார், நீ வண்டி ஏறிவிடுவாய். பல்பு விஷயத்தில் நன்றாக அகப்பட்டுக்கொண்டேன். இல்லாத பல்பை அவ்வளவு புகழ்ந்திருக்க வேண்டாம்.

ஆனால் கண் இல்லாமல் நான் பார்த்ததையும் சொல்கிறேன், கேள்.

உன் போட்டோவில் மாப்பிள்ளை இல்லை.

தையல்காரம்மா பேனாவை நிறுத்திவிட்டது. எழுதும்மா.

போன செப்டம்பரில் நீ எழுதியது: "அவரும் நானும் சுகம். அவர் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்." டிசம்பரில்: "இருவரும் சுகம்." மார்ச்சில்: "எல்லோரும் நலம்." உன் வீட்டில் இருப்பது இரண்டு பேர், அதில் எல்லோரும் என்றால் யார் யார்? ஏப்ரலில்: "நலம்." இந்த மாதம் அதுவும் இல்லை. கிடங்கில் ஓர் அறையில் சாமான் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் கை விட்டால் வெறும் பலகை தட்டும். அதைத் தெரிந்துகொள்ளப் படிப்பும் வேண்டாம், கண்ணும் வேண்டாம். "அறை சும்மாவே கிடக்கிறது" என்றும் எழுதினாய். அந்த அறையில்தான் அவர் சாய்வு நாற்காலியும் மேசையும் இருக்கிறது என்று மூன்று வருஷத்துக்கு முன் நீயே எழுதியிருக்கிறாய்.

நான் உன்னிடம் மறைத்தேன். நீ என்னிடம் மறைத்தாய். உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. எத்தனை மாதமாகத் தனியாகச் சாப்பிடுகிறாய்? அதை மட்டும் எழுது.

அப்பா


ஜூன் 5

அப்பா,

நான் நலமாக இல்லை. இதை எழுதிப் பார்த்தேன், எழுத முடிகிறது.

நவம்பர் மாதம் போய்விட்டார். சண்டைகூட இல்லை. வேறு ஊரில் வேலை என்று முதலில் போனார், பிறகு நாற்காலிக்கும் மேசைக்கும் ஆள் அனுப்பினார். டிசம்பரில் உங்களுக்கு "இருவரும்" என்று எழுதியபோது ஒரு வாரத்தில் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு பொய் சொல்லவும் வரவில்லை, நிஜம் சொல்லவும் வரவில்லை. வார்த்தையைக் குறைத்துக்கொண்டே வந்தேன். நீங்கள் எண்ணிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

ஏழு மாதம், அப்பா. கேட்டீர்களே.

உங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இங்கே கூப்பிட்டேன். அது பொய்யில்லை. ஆனால் அது மட்டும் இல்லை. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் உள்ளே யாராவது இரும வேண்டும் என்று இருந்தது. அதற்காக உங்களை உங்கள் ஒன்பது எட்டிலிருந்து பிடுங்கப் பார்த்தேன்.

உங்கள் பழைய கடிதங்களை நேற்று உட்கார்ந்து மறுபடி படித்தேன். செருப்பு ஆணிச் சத்தம் இருக்கிறது, அளவு நாடா இழுக்கிற சத்தம் இருக்கிறது, சொரசொரப்பு, வழவழப்பு எல்லாம் இருக்கிறது. ஒரு நிறம்கூட இல்லை. நான் அதைப் பார்க்கவே இல்லை. யாருக்குக் கண் இல்லை என்று தெரியவில்லை.

சேவைக்கு எழுதிவிட்டேன். கட்டையைத் திரும்ப வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று எழுதவில்லை. அதைப் படிவக்கார அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள், அது கேட்பதற்கு முன்னால். அதற்குப் பிறகு அந்த அம்மா என்ன எழுதுகிறதோ அதற்கு நான் கட்டுப்படுகிறேன். இருக்க முடியாது என்று எழுதினால் நீங்கள் இங்கே வருவீர்கள். இருக்கலாம் என்று எழுதினால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

பதினைந்தாம் தேதி எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஜூலை முதல் தேதியிலிருந்து மூன்று வாரம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை இருப்புக் கொள்ளாது. உடனே எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஜூன் 17

அன்பு மகளுக்கு, அப்பா.

உடம்பு நன்றாக இருக்கிறது. நீ நலமாக இல்லை என்று எழுதினாய். அந்தக் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். இனிமேல் இப்படியே எழுது.

நேற்று முன்தினம் படிவக்கார அம்மா வந்தது. முந்தின இரவு முழுக்கத் தூக்கம் இல்லை, ஒன்பது எட்டை எழுபது தடவை நடந்திருப்பேன். கம்பிக்காரரும் வந்தார். டக் டக் கேட்கவில்லை, செருப்பு புதிது. தாள் புரட்டும் சத்தம் வருவதற்கு முன்னாடியே சொல்லிவிட்டேன்.

"அம்மா, எனக்குக் கண் தெரியாது."

பேனாவை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "ஏன் ஐயா அன்னிக்கே சொல்லலை?" என்றது. குரலில் கோபம் இருந்தது.

"நீங்க எழுத்துத் தெரியுமான்னு கேட்டீங்க. கண் தெரியுமான்னு கேக்கலையே."

"என் தப்புதான்" என்றது மெல்ல. கம்பிக்காரர் தொண்டையைக் கனைத்தார். "பல்பு என் தப்பு மேடம். ஹோல்டரைப் போட்டதும் சாப்பிடக் கூப்பிட்டாங்க. வந்து லிஸ்ட்டுல டிக் போட்டுட்டேன்."

"எல்லாருமா சேர்ந்து என்னையே தேத்தாதீங்க, வேலையைப் பாருங்க" என்றேன்.

கம்பிக்காரர் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு அதே இடத்தில் அதே உயரத்தில் கட்டை வைத்தார். என் இரண்டு விரலை வைத்துத்தான் அளந்தார், நாடாவை எடுக்கவில்லை. பிறகு அந்த அம்மா என்னை நடக்கச் சொன்னது. கட்டில், ஒன்பது எட்டு, பத்தாவதில் கட்டை காலில் பட்டது. மகளே, அந்த மரத்தைப் பாதத்தால் தொட்டபோது எனக்கு என்ன ஆனது என்று எழுதச் சொல்ல மாட்டேன். இடது பக்கம் திரும்பினேன். ஏழாவது எட்டில் நின்றுவிட்டேன்.

"ஏன் நின்னுட்டீங்க?"

"முன்னாடி ஒரு நாற்காலி இருக்கு. நீங்கதான் வெச்சீங்க. இழுக்கறப்ப பின்னங்கால் கீச்சுன்னுது."

"சும்மா சோதிச்சேன் ஐயா" என்று அந்த அம்மா வெட்கப்பட்டது. அடுப்பு, குழாய், மருந்து டப்பா, தெருவாசல் எல்லாம் சோதித்தது. இரண்டு மணி நேரம். எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். மனப்பாடமாக இருக்கிறது, சொல்கிறேன்: "பார்வையில்லை. பழகிய வீட்டில் தனியாக வாழ முடிகிறது. கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாளுக்கு இரண்டு முறை பக்கத்து வீட்டார் பார்க்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபார்வை. வீட்டில் உள்ள எந்தப் பொருளையும் யாரும் இடம் மாற்றக் கூடாது." கடைசி வரியை நான் இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். அரசாங்க உத்தரவு மாதிரி இருக்கிறது.

எனவே ஆறு மாதம் இருக்கிறேன். அதற்குப் பிறகு என்ன என்று எனக்கும் தெரியாது, அந்த அம்மாவுக்கும் தெரியாது. கண் மருத்துவரிடம் இருபத்தைந்தாம் தேதி தையல்காரம்மா கூட்டிப்போகிறது. போட்டோவையும் சட்டைப்பையில் கொண்டுபோகிறேன். சொல்ல முடியாது, ஒருவேளை.

நீ ஒன்றாம் தேதி வா. மூன்று விஷயம் சொல்ல நினைத்தேன், இரண்டு மறந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், எனக்கு எதுவும் மறக்காது. சொல்கிறேன். நடையில் இப்போது நிஜமாகவே பல்பு எரிகிறதாம், உனக்காக வைத்திருக்கிறேன். அறை வாசலில் காலைத் தூக்கி வை. கட்டையை வைத்த கம்பிக்காரரே போகும்போது அதில் இடித்துக்கொண்டு "அம்மா" என்றார்.

பிறகு உன் பெட்டி. வந்ததும் எங்கே வைக்கிறாய் என்று என் கையைப் பிடித்துக் காட்டு. வைத்த பிறகு நகர்த்தாதே. மூன்று வாரமோ, அதற்குமேல் ஆனாலோ, அது அங்கேயே இருக்கட்டும். சுற்றிப் போக நான் பழகிக்கொள்கிறேன்.

அப்பா